சீட்டு விழுந்த பக்கம்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வாலிபர் விவாத சபை கூடும். அந்தச் சபைக்கு ஒரு விதி உண்டு. எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பேசுகிறவன் தீர்மானிக்கக் கூடாது. ஒரு பித்தளைச் சொம்பில் 'ஆம்' என்று ஒரு சீட்டும் 'இல்லை' என்று ஒரு சீட்டும் எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். கைக்கு எது வருகிறதோ அதைத்தான் பேச வேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் லா காலேஜ் பையன்கள். நாளைக்கு எந்தக் கட்சிக்காரன் கேஸோடு வந்து படியேறுவான் என்று யார் கண்டது? இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. சபையில் இருந்தவர்களுக்கு இது சகஜமாகிவிட்டது. வெளியிலிருந்து கேட்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஸ்ரீரங்கன் அந்தச் சபையின் காரியதரிசி. பி.ஏ. முடித்துவிட்டு லா படித்துக்கொண்டிருந்தான். குரல் நன்றாக இருக்கும்; அது அவனுக்கும் தெரியும். மே மாதக் கடைசியில் 'ஆணும் பெண்ணும் சமமா?' என்று தலைப்பு வைத்தது அவன்தான். வைக்கும்போதே 'இல்லை' தன் கைக்கு வரும் என்று ஒரு நப்பாசை. அந்தப் பக்கம் பேசினால் ஆளைச் சிரிக்க வைக்கலாம், கைதட்டல் நிச்சயம். சொம்பில் கையை விட்டான், 'ஆம்' வந்தது. 'இல்லை' ஷஃபியுல்லாவுக்குப் போயிற்று. ஷஃபியுல்லா கச்சேரி ரோடில் அத்தர் கடை வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளை, ஸ்ரீரங்கனோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"மாத்திக்கலாமா, ஷஃபி?" என்று ஸ்ரீரங்கன் மெதுவாகக் கேட்டான்.

"ரூல் போட்டது நீ. இப்ப நீயே இப்டி கேட்டா இன்னா மச்சி அர்த்தம்?" என்றான் ஷஃபியுல்லா. அவனுக்கும் தன் சீட்டு பிடிக்கவில்லை. அவன் தங்கை வஜீஹா படுதா கட்டிய ஜட்கா வண்டியில் தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கொண்டுபோய் விடுகிறவனே இவன்தான்.

அந்த மாதம் சபையில் இன்னொரு புதுமையும் செய்தார்கள். வழக்கமாக இங்கிலீஷில் பேசுகிறவர்கள், ஒரு தடவை தமிழில் பேசிப் பார்ப்போம், வீட்டாரையும் அழைப்போம் என்று முடிவு செய்தார்கள். பெண்கள் வரலாம். அவர்கள் உட்கார மாடியின் பின்பாதியில் மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டினார்கள். சமத்துவம் பற்றிப் பேசும் கூட்டத்தில் தட்டி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டி கட்டாமல் எந்த வீட்டுப் பெண் வருவாள் என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

ஸ்ரீரங்கனின் அப்பா ஆராவமுது ஐயங்கார் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் கட்டுகளை எடுத்துக்கொடுக்கிற வேலை. தலை நரைக்கிறவரை வக்கீல்களின் பேச்சைக் கேட்டவர். அம்மா கோமளமும் தங்கை ஜானுவும் தட்டிக்குப் பின்னால் இருந்தார்கள்.

ஜானுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.எல்.ஸி. நல்ல மார்க்கில் தேறி ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். கடற்கரைச் சாலையில் இருக்கும் பெண்கள் காலேஜில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. போன வருஷமே கேட்டாள். ஐயங்கார் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை, "பார்க்கலாம்ப்பா" என்றான். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் ஜாதகம் வெளியே போயிருந்தது. இந்த ஜூனில் சேராவிட்டால் அப்புறம் சேரவே முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஸ்ரீரங்கன் அன்று பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை. பிடிக்காத பக்கம் வந்துவிட்டதே என்ற கோபம்கூடக் குரலுக்கு ஒரு காரம் கொடுத்தது. "ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருந்தால் அதற்கு நியாயம் என்று பெயர் இல்லை, வழக்கம் என்று பெயர். வழக்கத்தை மாற்ற ஒரு தலைமுறை போதும்" என்றான். கடைசியில் மேஜையை ஒரு தட்டுத் தட்டி, "படிக்க ஆசைப்படும் தங்கையைப் படிக்க வைக்காத அண்ணன் எவனாவது இந்தச் சபையில் இருந்தால், அவன் எழுந்து நிற்கட்டும்!" என்று முழங்கினான்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த மாடியில் அப்போது நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். அதை யாரும் கவனிக்கவில்லை. கைதட்டலில் ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது.

ஷஃபியுல்லா என்னத்தைப் பேசுவான்? பெண் வீட்டுக்கு விளக்கு என்று ஆரம்பித்தான், விளக்கு வெளியே போனால் காற்றில் அணைந்துவிடும் என்றான். அதற்குமேல் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தான். தலைவர் கை தூக்கச் சொன்னார். முன்னால் தூக்கிய கைகளை எண்ணினார்கள். தட்டிக்குப் பின்னாலும் கைகள் உயர்ந்திருக்க வேண்டும், வளையல் சத்தம் கேட்டது. அவற்றை எண்ணவில்லை. எண்ணாமலே சமத்துவம் ஜெயித்துவிட்டது.

அன்று ராத்திரி ஐயங்காரும் பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜானு சாத்தமுது விட்டுக்கொண்டிருந்தாள்.

"டேய் ரங்கா, பெரிய பெரிய வக்கீல்கள் பேசறதையெல்லாம் நான் கேட்டிருக்கேன். ஒருத்தன் பேச்சும் என்னை அசைச்சதில்லே. இன்னிக்கு நீ அசைச்சுட்டே" என்றார் ஐயங்கார். "நாம என்னத்துக்கு இந்தப் பொண்ணை ஒரு வருஷம் ஆத்துல உட்கார வெச்சோம்னு எனக்கே வெட்கமாப் போயிடுத்து. ஜானுவைக் காலேஜுல சேர்க்கப்போறேன்."

ஜானுவின் கையில் கரண்டி நின்றது.

"என்னப்பா இது?" என்றான் ஸ்ரீரங்கன். "அது சீட்டுல விழுந்த பக்கம்ப்பா. 'ஆம்'னு வந்தது, பேசினேன். 'இல்லை'ன்னு வந்திருந்தா அதைப் பேசியிருப்பேன்."

"சீட்டா?"

அவன் சொம்பு விவரத்தைச் சொன்னான். ஐயங்கார் முழுதும் கேட்டுக்கொண்டார். "அப்போ நீ பேசினதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லேப்பா. விவாதம்."

"விவாதம்னா உனக்கு அதுல நம்பிக்கை இல்லேன்னுதானே அர்த்தம்?"

"நாடு முழுக்க நடக்கட்டும், நான் வேண்டாங்கலே. ஜானுவுக்கு எதுக்கு? இவ இன்டர் படிச்சா பி.ஏ. மாப்பிள்ளை தேடணும், பி.ஏ. படிச்சா ஐ.ஸி.எஸ். தேடணும். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு யார் இருக்கா? நான் சொல்றது அவ நல்லதுக்குத்தான்." மூச்சு விடாமல் பேசினான். வீட்டுக்குள் பேசிய இந்தப் பேச்சு சபையில் பேசியதைவிடச் சரளமாக வந்தது.

ஐயங்கார் கையை உயர்த்தினார். "போறும். எங்க கோர்ட்டுல ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேஸுல வாதிக்கு ஆஜரான வக்கீல், அதே கேஸுல பிரதிவாதிக்கு ஆஜராகப்படாது. சாயங்காலம் நீ ஜானு பக்கம் ஆஜராயிட்டே. இனிமே எதிர்ப் பக்கம் வாயைத் திறக்கப்படாது."

"அப்பா, இது கோர்ட் இல்லே."

"அது எனக்குத் தெரியும்டா. கோர்ட்டா இருந்தா உனக்கு ஃபீஸாவது கிடைச்சிருக்கும்."

ஜானு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆசையில்லாமல் இல்லை. அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தால் பேச்சு காலேஜை விட்டுவிட்டு அவள் வாயைப் பற்றித் திரும்பிவிடும். கைக்கெட்டியது தவறிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோமளம்தான் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "படிக்கட்டும், நான் தடுக்கலே. ஆனா தனியா அனுப்ப மாட்டேன். ரங்கன் கொண்டுவிடணும், ரங்கன் கூட்டிண்டு வரணும். அவன் முடியாதுன்னா படிப்பு வேண்டாம்."

ஆக, வழக்கு முடிந்தும் சாவி ஸ்ரீரங்கன் கையில்தான் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட அவனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கொண்டுவிடறேன்" என்றான். உடனே தங்கை பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணு. ரோடுல நின்னு யாரோடயும் பேசப்படாது. தெரியாத ஆம்பளை யாரோடயும் ஒரு அடிகூட நடக்கப்படாது. அப்படி ஏதாவது காதுல விழுந்தா அன்னியோட படிப்பு நின்னுது."

"சரி அண்ணா" என்றாள் ஜானு. அவள் எதற்கு வேண்டுமானாலும் சரி சொல்லியிருப்பாள்.

ஸ்ரீரங்கன் அப்பாவிடம் சொன்ன காரணங்கள் அத்தனையும் உண்மைக் காரணங்கள் அல்ல. உண்மைக் காரணம் ஒரு சுவர்.

கடற்கரைச் சாலையில், அந்தப் பெண்கள் காலேஜுக்குச் சற்று முன்னால், இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் இருந்தது. காலை வேளைகளில் சபைப் பையன்கள் சிலர் அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். காற்று வாங்குவதாகப் பேர். காலேஜுக்குப் போகும் பெண்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதுதான் வேலை. தடியாக இருந்தவளுக்குக் 'கலெக்டர்'. பவுடர் பூசியவளுக்கு 'இட்டிலி'. யாரையும் பார்க்காமல் சிடுசிடுவென்று போகிறவளுக்கு 'வெந்நீர்'. அதில் கபாலி கெட்டிக்காரன். அவன் சபையின் பொக்கிஷதாரர். குளத்துக்குப் பக்கத்தில் பாத்திரக் கடைக்காரர் மகன். அவன் வைத்த பெயர் ஒரு வாரத்துக்குள் லஸ் முனைவரை பரவிவிடும். 'இட்டிலி' என்று வைத்தது மட்டும் கபாலி அல்ல, ஸ்ரீரங்கன். அன்று எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள்.

அந்தச் சுவர் வழியாகத் தன் வீட்டுப் பெண் நடந்து போனால் கபாலி என்ன பெயர் வைப்பான் என்று அவன் நினைத்துப் பார்த்தான். பிறத்தியார் வீட்டுப் பெண் என்றால் வேடிக்கை, தன் வீட்டுப் பெண் என்றால் மானக்கேடு. சுவரில் உட்காருவதை விட்டுவிட்டாலே இது தீர்ந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவளை வீட்டில் உட்கார வைப்பதுதான் தோன்றியது.

ஜூன் மாதம் காலேஜ் திறந்தது. முதல் நாள் காலை ஜானு அம்மாவின் கருநீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். வெயிலுக்கென்று அப்பா தம் கறுப்புக் குடையைக் கொடுத்தார். கோமளம் வாசல்வரை வந்து, "பத்திரமாக் கூட்டிண்டு போடா" என்றாள்.

கேசவப் பெருமாள் கோவிலைத் தாண்டும்வரை அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் போனார்கள். கச்சேரி ரோடுக்கு வந்ததும் ஸ்ரீரங்கன், "நீ கொஞ்சம் பின்னால வா" என்றான். அவள் பின்னால் வந்தாள். சாந்தோமைத் தொட்டதும் அவன் நடையை எட்டிப் போட்டான். ஜானுவுக்கு அந்த வழி புதிது. எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியாது. அவன் முதுகைத் தவற விட்டுவிடக் கூடாதே என்று அவளும் எட்டி எட்டி நடந்தாள். கடற்கரைச் சாலைக்கு வரும்போது கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் கொசுவம்.

சுவரில் கபாலியும் ஷஃபியுல்லாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வா மச்சி, இன்னாடா ரெண்டு நாளா ஆளே காணோம்?" என்று கபாலி கூப்பிட்டான். ஸ்ரீரங்கனால் நிற்காமல் போக முடியவில்லை. நின்றான். கபாலியின் கண் அவன் தோளுக்கு மேலே போயிற்று. "அட, அங்க பார்றா! புது சரக்கு. இன்னா ஸ்பீடு பாரேன், தந்தி கணக்கா வந்துகினு கீது!"

மற்ற இருவரும் சிரித்தார்கள். "தந்தி! தந்தி!" என்று ஒருவன் சொல்லிப் பார்த்தான். பெயர் நிலைத்துவிட்டது.

ஜானு அதற்குள் அருகில் வந்துவிட்டாள். அண்ணன் நின்றுவிட்டதால் அவளும் நடையைக் குறைத்தாள். அவன் பக்கத்தில் வந்து நிற்கப்போகிறவள்போல இருந்தது.

"யார்ரா மச்சி அது? உன் பின்னாலயே வருது, உன்னையே வேற பாக்குது. தெரிஞ்சவங்களா?" என்றான் கபாலி.

"தெரியாது" என்றான் ஸ்ரீரங்கன். சொன்னதோடு நிற்காமல், மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் தானும் சிரித்தான்.

ஷஃபியுல்லா சிரிக்கவில்லை. ஸ்ரீரங்கன் வீட்டுக்குப் புஸ்தகம் வாங்கப் போனபோதெல்லாம் ஜானு கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்தவன் அவன். "மச்சி..." என்று ஆரம்பித்தான். ஸ்ரீரங்கன் அவனை ஒரு பார்வை பார்த்தான். ஷஃபியுல்லா சுவரிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு சாந்தோம் பக்கம் போய்விட்டான்.

ஜானு நிற்கவில்லை. குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள். இப்போது அவள் ஓடவில்லை, நிதானமாகவே நடந்தாள். கேட் எங்கே என்று சாலையோரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் ஸ்ரீரங்கன் கேட்டுக்கு எதிர்ப்புறம், சுவரிலிருந்து தெரியாத இடமாகப் பார்த்து நின்றிருந்தான். ஜானு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நடந்தாள். அவன், "ஜானு, இப்படி வா" என்றான். அவள் திரும்பவில்லை. இந்தத் தடவை அவன்தான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் என்ன சொல்லிச் சமாதானம் செய்வது என்று யோசித்துக்கொண்டு வந்தான். அவசரத்தில் வாயில் வந்துவிட்டது எனலாம். உன் பேர் கெடக் கூடாதென்றுதான் சொன்னேன் எனலாம். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அவள் நின்றால்தானே சொல்ல முடியும்.

ராத்திரி இலை போட்டாயிற்று. ஐயங்காருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடம் என்ன, வாத்தியாரம்மா யார், கூடப் படிக்கிற பெண்கள் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜானு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முகத்தில் களை இருந்தது. காலேஜ் அவளுக்குப் பிடித்துவிட்டது. நாளைக்கும் போக வேண்டும் என்ற ஆசை அந்தப் பதில்களில் எல்லாம் தெரிந்தது.

கோமளம் உள்ளேயிருந்து, "ரங்கா, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிடுங்கோ. வெயில் ஏறிடறது" என்றாள்.

"நான் அண்ணாவோட போக மாட்டேம்மா" என்றாள் ஜானு.

கோமளம் கையில் மோர்ச்சட்டியுடன் வந்து நின்றாள். "ஏன்?"

காரணத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஜானுவுக்குத் தெரியும். அம்மா போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். ஒரே நாளோடு படிப்பு முடிந்துபோகலாம். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"தெரியாத ஆம்பளையோட ஒரு அடிகூட நடக்கப்படாதுன்னு அண்ணா சொல்லியிருக்கான். அண்ணாவுக்கு என்னைத் தெரியாதாம். பீச் ரோடுல மூணு நாலு பேர் எனக்குப் பேர் வெச்சுச் சிரிச்சா. யார் இந்தப் பொண்ணுன்னு அண்ணாவைக் கேட்டா. தெரியாதுன்னான். அவனும் சிரிச்சான்."

ஐயங்கார் பிள்ளை பக்கம் திரும்பினார். "என்னடா ரங்கா? பேசு" என்றார். "இன்னிக்குச் சீட்டு கீட்டு ஒண்ணும் கிடையாது. உன் பக்கத்தையே சொல்லு."

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தான். வழியில் யோசித்து வைத்திருந்ததில் ஒன்றும் உதவவில்லை. அவன் பார்த்தது அப்பாவை அல்ல. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியாடா சொன்னே?" என்றாள் கோமளம். அதட்டிக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடமாட்டானா என்ற ஆசையில் கேட்டாள். "கூடப் பிறந்தவளைத் தெரியாதுன்னா சொன்னே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோமளம் மோர்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"நாளைலேர்ந்து நீ தனியாவே போயிட்டு வாடி."

"இன்னிக்கே அப்படித்தாம்மா போனேன்" என்றாள் ஜானு.